இடது இறக்கையில் நாற்பது

மணிமொழியின் பிழைப்பே வழுவழுப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. செங்கம் சாலையில் அவள் ஸ்டிக்கர் கடை போட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது. கார் கதவோ, ஆட்டோவின் முதுகோ, மினி பஸ்ஸின் முன்கண்ணாடியோ, எதில் ஒட்டினாலும் ஒரு குமிழி இருக்கக் கூடாது அவளுக்கு. ஒட்டி முடித்ததும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள். எங்கேயாவது மேடு தட்டினால் உரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். வண்டிக்காரன் சவாரிக்கு நேரமாகிறது என்று குதிப்பான். "பரவால்ல விடுக்கா, ஒண்ணும் தெரியல" என்பான். "உனக்குத் தெரியல, எனக்குத் தெரியுதே" என்பாள் மணிமொழி. அதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

அப்படிப்பட்டவளிடம் வந்து ஒரு பெண், கண்ணாடி மாதிரி இருக்கிற ஒரு தகட்டின் மேல் எண்பது மேடு வைத்துத் தர முடியுமா என்று கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்?

கேட்டவள் ஆர்த்தி. இருபத்தேழு வயது, கட்டை முடி, கையில் ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் பிளாஸ்டிக்கில் செய்த குட்டிக் குட்டித் துடுப்புகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. செங்குத்தாக நிற்கிற ஒரு மெல்லிய தகடு, அது நிற்க ஒரு பாதம், பாதத்தின் அடியில் இரண்டு பக்கமும் பசையுள்ள நாடா.

"இன்னாது இது, வண்டி மேல முள்ளு மாதிரி வெக்கிறதுக்கா?"

"ஏரோப்ளேன் எறக்கைக்குக்கா. எறக்கை மேல, ஒரே வரிசையா, ஜோடி ஜோடியா ஒட்டணும். ஒரு ஜோடில ஒண்ணு இந்தப் பக்கம் சாஞ்சிருக்கும், இன்னொண்ணு அந்தப் பக்கம். ஒரு நூல் கூட பிசகக் கூடாது. ஊர்ல கேட்டேன், எல்லாரும் உங்களத்தான் சொன்னாங்க."

புகழ்ச்சி காதில் ஏறவேயில்லை. மணிமொழியின் மண்டைக்குள் வேறு ஒன்று குடைய ஆரம்பித்துவிட்டது. ஏரோப்ளேனுக்கு எதற்கு முள்? காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய பொருள் வழுவழுப்பாக அல்லவா இருக்க வேண்டும்? ஏதாவது ஒன்று புரியவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் வீட்டுக்காரன் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வான். பக்கத்துக் கடைக்காரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அப்போதே ஆர்த்தியின் பின்னால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வேங்கிக்கால் தாண்டி, புது வீட்டு மனைகள் எல்லாம் முடிகிற இடத்தில், ஆர்த்தியின் அப்பா பரசுராமனுக்கு ஆறு ஏக்கர் புஞ்சை. ஒரு காலத்தில் மணிலாக் கடலை போட்ட நிலம். இப்போது அதில் ஒரு நீளமான மண் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். ஏரிகளையும் பயிர்களையும் மேலிருந்து படம் எடுக்கிற ஒரு சென்னைக் கம்பெனியுடையது. ஓட்டுகிறவள் ஆர்த்தி. மகள் ஓட்டுகிறாள் என்பதற்காகத்தான் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார் பரசுராமன். மற்றபடி விமானத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது.

போன மழைக்கு ஏரி நிரம்பியது. நிரம்பியதோடு நிற்காமல் ஓடுபாதையின் ஒரு முனையையும் சேர்த்துக் குடித்துவிட்டது. ஊரே ஏரி நிரம்பியதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்க, ஆர்த்தி மட்டும் தண்ணீரைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றாள். மிச்சமிருக்கிற நீளத்துக்குள் இறங்கி நிற்க வேண்டுமென்றால் இன்னும் மெதுவாகப் பறந்து வந்து இறங்க வேண்டும்.

"மெதுவா பறந்தா வியுந்துடாதா?" என்றாள் மணிமொழி.

"விழும். ஒரு வேகத்துக்குக் கீழ போனா எறக்கை காத்தைக் கைவிட்ரும். அந்த வேகத்தைக் கம்மி பண்றதுக்குத்தான் இது."

"அதான் எப்பிடின்றேன்? மேடு வெச்சா காத்து தடுக்கும். தடுத்தா சீக்கிரமால்ல வியணும்?"

ஆர்த்தி சிரித்துவிட்டாள். கைபேசியில் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினாள். இறக்கை மேல் சின்னச் சின்னக் கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டிவிட்டு அவளே பறந்து எடுத்த படம் அது. முதலில் எல்லா நூலும் பின்பக்கமாகப் படிந்து, வாரிய தலை மாதிரி ஒழுங்காகக் கிடந்தது. ஆர்த்தி வேகத்தைக் குறைக்கக் குறைக்க, மூக்கு மேலே தூக்கத் தூக்க, கடைசி வரிசை நூல்கள் உதற ஆரம்பித்தன. பிறகு, மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், நூல்கள் திரும்பிக்கொண்டு முன்பக்கம் பார்த்தன.

"காத்து பின்னாலேர்ந்து முன்னால வருதா?"

"அங்க மட்டும். எறக்கை மேல ஒட்டிக்கிட்டு ஓடுற காத்து, தோலை உரசி உரசியே சோர்ந்து போயிடும்கா. பாதி தூரத்துலயே நின்னு, உருண்டு, பிரிஞ்சிடும். ஆனா கொஞ்சம் மேல, ஒரு ரெண்டு விரக்கடை மேல, காத்து நல்ல வேகமா ஓடிக்கிட்டுதான் இருக்கு. இந்தத் துடுப்பு என்ன பண்ணும்னா, குட்டிக் குட்டிச் சுழியா கிளப்பிவிடும். அந்தச் சுழி மேல ஓடுற நல்ல காத்தைக் கீழ இழுத்துத் தோல்ல சேக்கும். சோர்ந்த காத்துக்கு ஒரு உந்து கெடைக்கும். இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கிட்டே ஓடும்."

மணிமொழி அந்தக் காணொளியை ஆறு தடவை பார்த்தாள். பதினான்கு வருஷமாக அவள் விரட்டி விரட்டி நசுக்கிய மேடுகளுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறதா! நம்ப முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சுழியைப் பற்றி விளக்கினாள். அவன் ரசம் கேட்டான்.

ஒட்டுகிற வேலையை வியாழக்கிழமை வைத்துக்கொண்டார்கள். அனுமதிக் காகிதமெல்லாம் கம்பெனி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது. மணிமொழி காலை ஏழு மணிக்கே போய், காகித அச்சை இறக்கை மேல் விரித்து, துடைத்தால் அழியாத பென்சிலால் புள்ளி வைத்தாள். வலது இறக்கையில் நாற்பது, இடது இறக்கையில் நாற்பது. முக்காலி மேல் ஏறி நின்றால்தான் இறக்கையின் மேல்பக்கம் தெரியும். புள்ளி வைத்து முடித்தவுடன், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் இரண்டு இறக்கைகளையும் சேர்த்தே துடைத்தாள். இதுதான் அவள் செய்த தப்பு. துடைத்த கையோடு ஒட்ட வேண்டும், நடுவில் காப்பி கூடக் குடிக்கக் கூடாது என்பது அவள் கடையின் சட்டம். அன்றைக்கு ஆசை அதிகமாகிவிட்டது, சட்டம் பின்னால் போய்விட்டது.

பரசுராமன் அப்போதுதான் வந்தார். அறுபத்து மூன்று வயது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் முக்கால் மைல் தூரத்துக்குத் தெரிகிற திருநீறு. முன்பு ஒரு தடவை விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, காற்றாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, "இது லாரி இல்லப்பா, மேல எதையும் பூசாதீங்க" என்று மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அதிலிருந்து கொட்டகைக்குள் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

"இது எதுக்கும்மா இத்தினி?" என்று மணிமொழியிடம் மெதுவாகக் கேட்டார்.

புதிதாகக் கற்ற பாடம் நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தது. விடுவாளா? சுழியையும் சோர்ந்த காற்றையும் அவருக்கு எடுத்துச் சொன்னாள். அவருக்குப் புரிகிற மாதிரி இல்லை. ஒரே வரியில் முடித்தாள். "ஐயா, ஒங்க பொண்ணு உசுர மேல புடிச்சி வெக்கப் போறது இதுங்கதான்னு வெச்சிக்கோங்களேன்."

அவர் அந்தப் பென்சில் புள்ளிகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மணிமொழி கவனிக்கவில்லை. அவள் வலது இறக்கையில் முதல் ஜோடியை ஒட்ட ஆரம்பித்திருந்தாள்.

வலது பக்கம் முடியும்போது மணி ஒன்று. பரசுராமன் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து வைத்தார். "ஆறிப்பூடும், வாங்கக்கா" என்று ஆர்த்தி கையைப் பிடித்து இழுத்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளிசாதமும் அப்பளமும் சாப்பிட்டுக்கொண்டே மணிமொழி இன்னும் நாலு கேள்வி கேட்டாள். பறவைக்கு இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா, மீனுக்கு இருக்கிறதா, மினி பஸ் கூரை மேல் ஒட்டினால் டீசல் மிச்சமாகுமா என்றெல்லாம். ஆர்த்திக்குப் பாதிக்குப் பதில் தெரிந்திருந்தது. மீதிக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டாள். அதனாலேயே மணிமொழிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

சாப்பிட்டுவிட்டு வந்து இடது இறக்கையையும் முடித்தாள். தகடு பளபளவென்று இருந்தது. சாயங்காலம் முக்காலியிலிருந்து இறங்கி, தூரப் போய் நின்று பார்த்தாள். எண்பது துடுப்பும் அணிவகுத்து நின்றன. பிசகு கிடையாது. தன் வேலையைத் தானே பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள்.

பசை இறுக ஒரு முழு நாள் விட்டு, சனிக்கிழமை விடிந்ததும் சோதனை. ஆர்த்தி மேலே போய், நல்ல உயரத்தில், வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக் குறைத்து, இறக்கை காற்றைக் கைவிடுகிற இடம் வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க மணிமொழி கடையைத் திறக்காமல் வந்துவிட்டாள். பரசுராமன் வேப்பமரத்தடியில் நின்றார்.

ஆர்த்தி உள்ளே ஏறி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கினாள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. காற்றாடி கிளப்பிய காற்றில் செம்மண் புழுதி எழும்பி மணிமொழியின் வாயெல்லாம் மண். பிறகு எஞ்சின் தணிந்தது, விமானம் ஆடி ஆடி ஓடுபாதையின் கோடிக்கு நகர்ந்து போனது. வாயைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்த மணிமொழிக்கு, விமானம் நின்றிருந்த இடத்தில் ஏதோ ஒன்று கண்ணில் பட்டது.

ஒரு துடுப்பு. இரண்டு அடி தள்ளி இன்னொன்று. இன்னும் தள்ளி மூன்றாவது.

மணிமொழி அவற்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடுபாதைக்கு ஓடினாள். "நில்லு! ஆர்த்தி, நில்லு!" எஞ்சின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. என்ன ஏது என்று கேட்காமலே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரசுராமன் அவளைத் தாண்டி ஓடினார். துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, நேராக விமானத்தின் மூக்குக்கு எதிரே ஓடினார். ஆர்த்தி பார்த்துவிட்டாள். எஞ்சின் நின்றது.

முக்காலியைப் போட்டு இரண்டு பேரும் பார்த்தார்கள். வலது இறக்கையில் நாற்பதும் ஆணி அடித்த மாதிரி இருந்தன. இடது இறக்கையில் மூன்று இல்லை. மற்றவற்றை ஆர்த்தி சுண்டுவிரலால் தள்ளினாள். பதினொன்று உடனே கையோடு வந்தன. மிச்சமும் அசைந்தன.

"அக்கா, ஒரு எறக்கைல துடுப்பு இருந்து இன்னொண்ணுல இல்லன்னா என்ன ஆகும்னு சொன்னேன் இல்ல?"

"இல்லாத பக்கம் மொதல்ல கைவிடும்."

"அந்தப் பக்கமா அப்படியே கவுந்துரும். சுத்திக்கிட்டே கீழ போவும். அதுலேர்ந்து வெளிய எடுக்க எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எடுத்துருவேன்னு சத்தியம் பண்ண முடியாது." ஆர்த்தியின் குரல் ஏறவில்லை, அதுதான் மணிமொழியைச் சுட்டது. "ரெண்டு பக்கமும் நீங்கதானே ஒட்டினீங்க?"

"நான்தான்."

"திங்கக்கெழம கம்பெனிக்கு எழுதுறேன். மெட்ராஸ்லேர்ந்து வேற ஆள அனுப்பட்டும்."

பின்னால் நின்றிருந்த பரசுராமன் இதையெல்லாம் கேட்டார். திரும்பி வரப்புப் பக்கம் நடந்தார்.

மணிமொழிக்கு அவமானமாக இருந்தது. பதினான்கு வருஷத்தில் அவள் ஒட்டிய எதையும் எவனும் சுண்டுவிரலால் எடுத்ததில்லை. ஆனால் அவமானத்தை விட அரிப்பு பெரியது. அதே நாடா, அதே கை, அதே நாள். ஒரு பக்கம் பிடித்தது, ஒரு பக்கம் பிடிக்கவில்லை. ஏன்? அழுகிறதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே உட்கார்ந்தாள்.

விழுந்த துடுப்பைத் திருப்பி, நாடாவை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பசை பசையாகவே இருந்தது, ஆனால் தொட்டால் ஒட்டவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு துண்டுக் கறுப்பு ஸ்டிக்கரை எடுத்து, நாடாவை அதன் மேல் அழுத்தி எடுத்தாள். கறுப்பில் வெள்ளையாக ஒரு தடம். ஓடுபாதைத் தூசாக இருந்தால் சிவப்பாக இருக்க வேண்டும், இந்த மண் அப்படி. சுண்ணாம்பாக இருந்தால் விரலில் நறநறக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். பட்டு மாதிரி வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள். திருநீற்று வாசனை, அதைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் யாருக்கும் படிப்பு தேவையில்லை.

மற்ற துடுப்புகளையும் திருப்பினாள். எல்லாவற்றிலும் நடுவில், சரியாகப் பென்சில் புள்ளி வருகிற இடத்தில், ஒரு சிட்டிகை அகலத்துக்கு அதே வெண்மை. தவறிக் கொட்டியது இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒருவர் நிதானமாக வைத்திருக்கிறார். வைத்துவிட்டுத் துடைத்தும் இருக்கிறார். தகடு ஏன் அவ்வளவு பளபளப்பாக இருந்தது என்று இப்போது புரிந்தது. புளிசாதம் சாப்பிட்ட அந்த அரை மணி நேரத்தில் கொட்டகைக்குள் யார் இருந்தார்கள் என்பதும் புரிந்தது. அதோடு, அன்று காலை தான் வாயடித்த அந்த ஒரு வரியும் ஞாபகத்துக்கு வந்தது.

ஆர்த்தியிடம் போய்ச் சொல்லலாம். ஒரு நிமிஷத்தில் தன் பெயர் தப்பித்துவிடும். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் என்ன மிஞ்சும் என்றுதான் தெரியவில்லை. சொல்லாமல் பழியைத் தானே சுமக்கலாம். ஆனால் அந்த மனுஷனுக்குத் தான் என்ன செய்தோம் என்பதே தெரியாதே. தெரியாவிட்டால் அடுத்த ஆள் வந்து ஒட்டும்போதும் இதையேதான் செய்வார், இன்னும் பக்தியாகச் செய்வார். அந்த நினைப்பே அவளை எழுப்பி விட்டது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வரப்புக்குப் போனாள்.

"ஐயா, கொஞ்சம் துந்நூறு குடுங்க."

அவர் மறுபேச்சு பேசாமல் மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து நீட்டினார். அவள் நெற்றியில் இட்டுக்கொள்ளக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார். மணிமொழி ஒரு சிட்டிகை எடுத்து, ஸ்கூட்டரின் முன்பக்கத் தகட்டில் ஒரு இடத்தில் தடவினாள்.

"ஒங்க துண்டால இத தொடைங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு துடைத்தார். வெண்மை போய்விட்டது, ஒரு தடயமும் இல்லை. பெட்டியில் மிஞ்சி, கையோடு கொண்டுவந்திருந்த ஒரு புதுத் துடுப்பை அதன் மேல் அழுத்தினாள். பக்கத்திலேயே ஒரு சாண் தள்ளி, ஸ்பிரிட்டில் நன்றாகத் துடைத்துவிட்டு இன்னொன்றை அழுத்தினாள். இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஏரியில் நீர்க்காக்கை ஒன்று முங்கி எங்கேயோ எழுந்தது. அரை மணி போல் ஆனதும் மணிமொழி சொன்னாள்.

"ரெண்டையும் இஸ்த்துப் பாருங்க ஐயா."

அவர் முதலில் ஸ்பிரிட் போட்டதை இழுத்தார். ஸ்கூட்டரே ஆடியது, துடுப்பு வரவில்லை. அடுத்ததில் விரலை வைத்தார். வைத்த மாத்திரத்தில் அது நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

பரசுராமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கோணிக்கொண்டு போனதை மணிமொழியால் பார்க்க முடியவில்லை. ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாப்பது புள்ளிக்கும் வெச்சேம்மா," என்றார் கடைசியில். "ஒவ்வொண்ணுக்கும் அவ பேரச் சொல்லி வெச்சேன். பாத்தா திட்டுவான்னு தொடச்சிட்டேன். அந்தப் பக்கம் நீ மின்னாடியே ஒட்டிட்ட. இல்லன்னா அங்கயும் வெச்சிருப்பேன்." துடுப்பை விரலால் புரட்டிக்கொண்டே, "எம் பொண்ண நானே தள்ளிவுடப் பாத்தேனே" என்றார்.

"தப்பு எம்மேலயும் இருக்குது ஐயா. தொடச்சிட்டு சாப்புடப் போவக் கூடாது. தொடச்ச கையோட ஒட்டணும். அதையே சொல்லிர்றேன் ஆர்த்தி கிட்ட. மறுபடி தொடைக்காம ஒட்டிட்டேன்னு சொல்லிர்றேன். நீங்க இனிமே வெக்காம இருந்தா போதும்."

அவர் எழுந்து, துடுப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தார். மணிமொழி பின்னாலேயே ஓடினாள்.

ஆர்த்தி முக்காலி மேல் நின்று, வர மறுத்த துடுப்புகளை மெல்லிய கத்தியால் எடுத்துக்கொண்டிருந்தாள். பரசுராமன் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. ஆர்த்தி முக்காலியிலிருந்து இறங்கினாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது.

"எத்தன தடவ சொன்னேன்பா! எதையும் பூசாதீங்க, எதையும் வெக்காதீங்கன்னு எத்தன தடவ! சின்னப் புள்ளயா நீங்க? நான் மேல போயிருந்தா? மேல போய் அது கழண்டிருந்தா? சொல்லுங்க!"

"அடி வேணா அடிச்சிக்கோ."

"எதுக்குப்பா பண்றீங்க இப்டி?"

"நீ மேல போயிட்றம்மா," என்றார் பரசுராமன். "ஒனக்கு மேல ஆயிரம் வேல. அத திருப்பற, இத அமுக்கற. கீழ நிக்கிறவன் இன்னா பண்ணுவான்? எனக்கு ஒரு வேலயும் இல்லியே. அண்ணாந்து பாத்துக்கினு நிக்கிறது ஒரு வேலயா? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அதத்தான் பண்ணேன்."

ஆர்த்தி கத்தியை முக்காலி மேல் வைத்தாள். கொட்டகையில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் பேசியது மணிமொழிதான். "எனக்கு ஒரு ஆள் வேணும்," என்றாள், யாரையும் பார்க்காமல். "ஒவ்வொரு துடுப்பையும் வெச்ச ஒடனே கட்டவெரலால அமுக்கிப் புடிக்கணும். முப்பது எண்ற வரைக்கும். முந்தாநாளு நானே வெச்சி நானே அமுக்கினேன், கடைசில கட்டவெரல் மரத்துப்பூடுச்சு. ஒருத்தர் வெக்க, ஒருத்தர் அமுக்கன்னு செஞ்சா இன்னும் கெட்டியா புடிக்கும். அமுக்கறது யாருன்னு நீயே சொல்லு ஆர்த்தி."

ஆர்த்தி அப்பாவைப் பார்த்தாள். "கைய மொழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க," என்றாள். "துண்டு வெளில இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை இடது இறக்கையை மட்டும் மறுபடி ஆரம்பித்தார்கள். பழைய பசையையெல்லாம் சுரண்டி எடுத்து, துடுப்புகளுக்குப் புது நாடா ஒட்டி, மூன்று தடவை ஸ்பிரிட்டில் துடைத்து, ஒவ்வொரு புள்ளியையும் ஒட்டுவதற்கு முந்தைய நொடியில் இன்னொரு தடவை துடைத்தார்கள். மணிமொழி ஒரு முக்காலி, பரசுராமன் ஒரு முக்காலி. அவர் கையைக் கழுவியதோடு நிற்காமல் நெற்றியையும் கழுவிக்கொண்டு வந்திருந்தார். யாரும் சொல்லவில்லை. வெறும் நெற்றியோடு அவரைப் பார்க்க மணிமொழிக்கு யாரோ புது ஆள் மாதிரி இருந்தது. அவள் துடுப்பை வைப்பாள். அவர் கட்டைவிரலை அதன் பாதத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். உதடு அசையும். முப்பது எண்ணுகிற நேரத்தை விடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஆகும். அவர் எண்ணுவது எண்ணைத்தானா, வேறு எதையாவதா? ஊரில் யார் என்ன செய்தாலும் ஏன் எதற்கு என்று குடைகிற மணிமொழி, இதை மட்டும் கேட்கவில்லை. மதியம் சாப்பாடு வந்தது. நாற்பதாவது துடுப்பு ஒட்டி முடிகிற வரை யாரும் எழுந்து போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆர்த்தி மணிமொழியை எண்பதையும் இழுத்துப் பார்க்கச் சொன்னாள். பிறகு தானும் இழுத்துப் பார்த்தாள். எஞ்சினை முடுக்கிக் கால் மணி நேரம் அதிர விட்டாள். எதுவும் விழவில்லை. விமானம் ஓடுபாதையில் ஓடி, பாதி தூரம் கூடப் போகாமல் எழும்பி, ஏரிக்கு மேலே திரும்பி உயரத்துக்குப் போனது.

மேலே போனதும் சத்தம் தணிந்தது. மூக்கு உயர்ந்தது. விமானம் மெதுவானது, இன்னும் மெதுவானது. காலை எதிர்க்காற்றில் அது ஒரே இடத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது.

"இன்னாம்மா, நின்னுட்சே!" பரசுராமன் மணிமொழியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நகம் பதிந்தது.

"நிக்கல ஐயா, போய்க்கினுதான் கீது. மெதுவா போவுது. அதான் வேணும்." சொல்லிக்கொண்டே அவளும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

மூக்கு மெல்லத் தாழ்ந்தது. இடமும் சாயவில்லை, வலமும் சாயவில்லை. நேராகத் தாழ்ந்து, வேகம் பிடித்து, மறுபடி நிமிர்ந்தது. ஆர்த்தி அதையே இன்னும் மூன்று தடவை செய்தாள். ஒவ்வொரு தடவையும் பரசுராமனின் நகம் இன்னும் ஆழமாகப் பதிந்தது. மணிமொழி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அது இறங்க வந்தது. வேப்பமரத்துக்கு மேலே, சைக்கிள் மிதித்துக்கொண்டு வருகிற நிதானத்தில் வந்து, மண்ணைத் தொட்டு, புழுதி கிளப்பி, ஓடி, நின்றது. ஏரித் தண்ணீருக்கு இன்னும் நூற்றைம்பது அடி இருந்தது. மணிமொழி தன்னை மறந்து கை தட்டினாள். எண்பது மேடு! அவள் கட்டைவிரலுக்குக் கீழே, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, இருக்க வேண்டிய எண்பது மேடு!

காற்றாடி சுற்றி ஓய்ந்தது. ஆர்த்தி கதவைத் திறந்து இறங்கினாள். தலை கலைந்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். "அப்பா!" என்றாள்.

பரசுராமன் அவளிடம் வரவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு இடது இறக்கைக்குப் போனார். ஏறி நின்று, கோடியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு துடுப்பையும் ஒரு விரலால் தொட்டார், தொட்டு இழுத்துப் பார்த்தார், அடுத்ததற்குப் போனார். கை எட்டாத இடத்தில் இறங்கி, முக்காலியை நகர்த்தி, மறுபடி ஏறினார். ஆர்த்தி சிரிப்பை நிறுத்திவிட்டாள். வந்து, அவர் ஏறும்போது முக்காலி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் சூடு அடங்கிக்கொண்டே டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அவர் அவசரப்படவில்லை.

"நாப்பது," என்றார்.

அதற்கப்புறம்தான் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தார்.